கழுத்து வலிக்குக் கரண்ட் வைப்பது: பலன் எவ்வளவு, தவறுவது எங்கே?

#1 கேள்விக்குறி

நாள்பட்ட கழுத்து வலி பற்றிய கேள்வி. மூன்று மாதத்துக்கு மேலாக வலி. ஸ்கேனில் "தேய்மானம்" என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. கையில் மரப்போ பலவீனமோ இல்லை. இப்படிப்பட்டவருக்கு ஃபிசியோவில் பத்து சிட்டிங் டென்ஸ் (தோல்மேல் பேட் ஒட்டி நரம்பைத் தூண்டும் மெல்லிய கரண்ட்), அப்புறம் பத்து சிட்டிங் ஐ.எஃப்.டி (இன்டர்ஃபெரென்ஷியல்; இரு மின்னோட்டங்களைக் குறுக்கே விடும் முறை), நடுவில் அல்ட்ராசவுண்ட் என்று போகிறது. கரண்ட் ஓடும்போது இதமாக இருக்கிறது, இரண்டு மணி நேரத்தில் பழைய வலி திரும்பிவிடுகிறது. இதைச் சிகிச்சை என்று எடுத்துக்கொள்வதா, வெறும் ஆறுதல் என்றா? வீட்டிலேயே டென்ஸ் கருவி வைத்துக்கொள்வதென்றால் எங்கே ஒட்ட வேண்டும், என்ன அளவு, எவ்வளவு நேரம்? விவரம் தெரிந்தவர்கள் எண்களோடு சொன்னால் நல்லது.

#2 ஆய்வுத்தாள்

ஆய்வுகள் சொல்வதை முதலில் வைத்துவிடுகிறேன். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு, கழுத்து வலிக்கான மின்சிகிச்சை பற்றிய தன் தொகுப்பாய்வை 2013-ல் புதுப்பித்தது. அதில் சேர்ந்தவை 20 சிறிய ஆய்வுகள், மொத்தம் 1239 பேர். டென்ஸும் துடிப்பு மின்காந்தப் புலமும் போலிக் கருவியை (சிகிச்சை தருவதுபோல் காட்டும், உண்மையில் தராத கருவி) விடக் கொஞ்சம் மேல் என்று தெரிந்தது. கால்வானிக் மின்னோட்டம் (ஒரே திசையில் ஓடுவது), அயான்டோபோரெசிஸ் (கரண்டால் மருந்தைத் தோல்வழி செலுத்துவது), தசையைச் சுருக்கும் மின்தூண்டல் ஆகியவை போலியைத் தாண்டவில்லை. டென்ஸுக்குச் சாதகமான சான்றும் தரத்தில் "குறைவு", "மிகக் குறைவு" என்றுதான் மதிப்பிடப்பட்டது. ஆய்வுகள் சின்னவை; ஆளுக்கொரு அளவு, ஆளுக்கொரு கால அளவு.

2019-ல் நாள்பட்ட கழுத்து வலிக்கு டென்ஸை மட்டும் தனியே எடுத்து இன்னொரு காக்ரேன் தொகுப்பாய்வு வந்தது. 7 ஆய்வுகள், 651 பேர். சிகிச்சை முடிந்தபின் பின்தொடர்ந்து பார்த்ததில் உண்மை டென்ஸுக்கும் போலி டென்ஸுக்கும் வித்தியாசம் தென்படவில்லை. அங்கும் சான்றின் தரம் மிகக் குறைவு. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2021-ல் வெளியிட்ட நாள்பட்ட வலி வழிகாட்டி இன்னும் நேரடியாகப் பேசுகிறது: காரணம் இன்னதென்று பிடிபடாத நாள்பட்ட முதன்மை வலிக்கு டென்ஸ், அல்ட்ராசவுண்ட், இன்டர்ஃபெரென்ஷியல் மூன்றையும் கொடுக்க வேண்டாம்.

மறுபக்கமும் உண்டு. எல்லா வகை வலிக்குமான டென்ஸ் ஆய்வுகள் 381-ஐச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு 2022-ல் வெளியானது. கரண்ட் ஓடும்போதும் நிறுத்திய உடனேயும் வலி போலியை விடக் குறைகிறது என்பதற்கு நடுத்தரத் தரமான சான்று இருக்கிறது என்றது. இந்த இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஒன்று அளந்தது அந்த நேரத்து வலியை, மற்றொன்று அளந்தது நாட்கள் கழித்து மிஞ்சுவதை. நீங்கள் சொல்லும் "இரண்டு மணி நேரம்" இந்த இரண்டுக்கும் நடுவில் கச்சிதமாகப் பொருந்துகிறது. இதமும் உண்மை, அது தங்காததும் உண்மை.

#3 இயன்முறை

ஆய்வுத்தாள் சொன்னதை ஏற்றுக்கொண்டு, அந்த இரண்டு மணி நேரம் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். அது தெரியாமல் அளவு வைக்க முடியாது.

1965-ல் மெல்சாக், வால் இருவரும் வைத்த வாயில் கோட்பாடு இதற்கு அடிப்படை. தொடுவுணர்வைக் கொண்டுபோகும் பருமனான நரம்பிழைகளைத் தூண்டினால், தண்டுவடத்தில் வலிச் செய்தி மேலே போவது மட்டுப்படும். இதோடு உடலே சுரக்கும் ஓபியாய்டுகளும் (மார்ஃபின் வகை வலிநிவாரணிப் பொருள்கள்) சேர்கின்றன. இவை வந்து ஒட்டும் ஏற்பிகளில், குறைந்த அதிர்வெண்ணில் மியூ வகை, அதிக அதிர்வெண்ணில் டெல்டா வகை வழியாக இது நடப்பதாக விலங்கு ஆய்வுகள் காட்டின. ஓபியாய்டு மருந்தை நீண்ட நாள் எடுத்தவர்களுக்குக் குறைந்த அதிர்வெண் டென்ஸ் சரியாக வேலை செய்யாமல் போவதற்கும் இதுதான் விளக்கம். இதில் எதுவும் தேய்ந்த எலும்பிடை வட்டை (டிஸ்க்) சரிசெய்வதில்லை, தசையை வலுப்படுத்துவதும் இல்லை. வலிச் செய்தியைச் சற்று நேரம் தணிக்கிறது, அவ்வளவுதான்.

வழக்கமான டென்ஸ் அமைப்பு: 80 முதல் 120 ஹெர்ட்ஸ், துடிப்பின் அகலம் 50 முதல் 200 மைக்ரோ செகண்ட், நேரம் குறைந்தது 30 நிமிடம். தீவிரம்தான் முக்கியம், பெரும்பாலும் கோட்டைவிடுவதும் அதில்தான். "லேசா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்றவுடன் குமிழைத் திருப்புவதை நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. பலமாக இருக்க வேண்டும், ஆனால் வலிக்கக் கூடாது. வலிக்கத் தொடங்கும் புள்ளி வரை போய் ஒரு படி கீழே இறங்கினால் சரியான இடம். ஐந்தாறு நிமிடத்தில் உணர்வு மங்கும், அப்போது மறுபடி ஏற்ற வேண்டும். முதல் நிமிடத்தில் வைத்த அளவிலேயே அரை மணி நேரம் விட்டுவிட்டு "எனக்கு ஒன்றும் ஆகலை" என்பதில் பாதிப் பழி குமிழுக்குத்தான் சேர வேண்டும்.

#4 ஓம்விதி

மருத்துவக் கருவிகளைப் பராமரிப்பவன் பார்வையில் ஒன்றிரண்டு. கருவி கெட்டுப்போனது என்று வருபவற்றில் பெரும்பாலும் கெட்டிருப்பது பேட் அல்லது ஒயர்.

டென்ஸ் 20 மில்லி ஆம்பியர் என்று சொன்னால் பலரும் பயப்படுகிறார்கள். 100 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 10,000 மைக்ரோ செகண்ட். துடிப்பு 100 மைக்ரோ செகண்ட் என்றால் கரண்ட் ஓடுவது மொத்த நேரத்தில் நூற்றில் ஒரு பங்குதான். சராசரி 0.2 மில்லி ஆம்பியர். நல்ல கருவியில் துடிப்பு இரு திசையிலும் சமமாக ஓடுவதால் தோலில் வேதிப்பொருள் சேர்வதில்லை. கால்வானிக் அப்படியல்ல. ஒரே திசையில் இடைவிடாமல் ஓடுவதால் எதிர்மின் பேடின் கீழ் காரமும் நேர்மின் பேடின் கீழ் அமிலமும் உண்டாகும். எதிர்மின் பக்கம் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மில்லி ஆம்பியரைத் தாண்டவே கூடாது. வலிக்காமலே புண் ஆகிவிடும் என்பதால் வீட்டில் அதைத் தொடவே வேண்டாம்.

அப்படியானால் டென்ஸில் ஏன் சுரீர் என்று குத்துகிறது? அடர்த்தி. 5-க்கு 5 செ.மீ. பேட் என்றால் 25 சதுர செ.மீ. 20 மில்லி ஆம்பியர் உச்சத்தில் சதுர செ.மீ.க்கு 0.8. கழுத்தைத் திருப்பும்போது பேட் பாதி பிய்ந்துவிட்டால் அதே 20 மில்லி ஆம்பியர் 12.5 சதுர செ.மீ. வழியே போகும், அடர்த்தி இரட்டிப்பாகும். கரண்டை ஒரே அளவில் வைத்திருக்கும் வகைக் கருவிகள் தடை கூடினாலும் கரண்டைக் குறைக்காது. அதனால்தான் குத்தல் திடீரென்று வருகிறது.

பேடைக் கழற்றியதும் தோலைப் பாருங்கள். பேடின் சதுர வடிவில் ஒரே சீரான வெளிர்சிவப்பு, கொஞ்ச நேரத்தில் மறைந்தால் கவலை இல்லை. ஓரத்திலோ ஒயர் நுழையும் இடத்திலோ கடுகளவு கருஞ்சிவப்புப் புள்ளி இருந்தால் அந்த இடத்தில் ஜெல் காய்ந்து கரண்ட் ஒரே புள்ளியில் குவிந்திருக்கிறது. அந்தப் பேடை உடனே மாற்றவும். ஒட்டும் பேட்கள் பொதுவாக 20, 30 தடவை வரும், எண்ணெய்ப் பசையும் வியர்வையும் அதைப் பாதியாக்கிவிடும். ஒட்டுமுன் தோலைச் சோப்பால் கழுவி முழுதாகத் துடைக்கவும். வலித் தைலம் தடவிய இடத்தில் ஒருபோதும் ஒட்டக் கூடாது.

கரண்ட் விட்டுவிட்டு வந்தால் இரண்டு பேடையும் முன்கையில் ஒட்டிக் குறைந்த அளவில் ஓடவிட்டு, ஒயரை இரு முனைகளிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்த வளைவில் உணர்வு அறுகிறதோ அங்கே உள்கம்பி முறிந்திருக்கிறது. கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது பேடைப் பிய்க்கவோ மறுபடி ஒட்டவோ கூடாது. முதலில் பூஜ்யத்துக்கு இறக்க வேண்டும்.

இன்னொன்று, வீட்டுக் கருவிகளில் திரையில் தெரியும் 1 முதல் 20 வரையான எண் மில்லி ஆம்பியர் அல்ல, வெறும் படிநிலை. ஒரு கருவியின் 8-ஐ இன்னொன்றின் 8-ஓடு ஒப்பிட முடியாது. உணர்வை வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

#5 கேள்விக்குறி

ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். பேடை சரியா எங்க ஒட்டணும்? பிடரியில முடி இருக்கே. ஐ.எஃப்.டி. டென்ஸைவிட ஆழமாப் போகும்னு சொல்றாங்க, அது நிஜமா?

#6 இயன்முறை

இரு பக்கமும் வலி என்றால்: தலை குனிந்தால் பிடரி அடியில் துருத்தும் பெரிய எலும்பு தட்டுப்படும், அது பொதுவாக 7-வது கழுத்தெலும்பு. அதற்கு இரு விரல் மேலே, எலும்புக்கு இருபுறமும் தசைமேல் ஒவ்வொரு பேட். கருவியில் இன்னொரு சேனல் (இன்னொரு சோடிப் பேடுக்கான இணைப்பு) இருந்தால் தோள்பட்டையின் மேல்விளிம்பில், கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவே, பிடித்தால் வலிக்கும் அந்தத் தசையில் பக்கத்துக்கொன்று. ஒரு பக்கம் மட்டும் என்றால் ஒன்று கழுத்துத் தசையில், மற்றது அதே பக்கத் தோள்பட்டைத் தசையில். பேட்களின் விளிம்புகளுக்கு இடையே குறைந்தது 2.5 செ.மீ. விடவும். நெருங்கினால் கரண்ட் தோலோடு குறுக்கே ஓடிவிடும்.

முடிக்குள் ஒட்ட வேண்டாம். முடி பேடைத் தூக்கிக்கொண்டே இருக்கும், ஓம்விதி சொன்ன புள்ளிச் சூடு அங்கேதான் வரும். சவரக்கத்தியால் மழித்த கையோடு ஒட்டினாலும் எரியும். கத்தரியால் ஒட்ட வெட்டலாம், இல்லாவிட்டால் முடிக்கோட்டுக்குக் கீழேயே வையுங்கள். வலி மண்டையின் அடியில் இருந்தாலும் அதே தண்டுவட மட்டத்தைத் தொட்டால் போதும்.

ஐ.எஃப்.டி. பற்றி: 4000 ஹெர்ட்ஸில் ஒன்று, 4100 ஹெர்ட்ஸில் ஒன்று என இரு மின்னோட்டங்கள் குறுக்கே வெட்டும் இடத்தில் 100 ஹெர்ட்ஸ் அலையெழுச்சி உண்டாகும். நடுத்தர அதிர்வெண்ணுக்குத் தோல் தடை குறைவு, அதனால் அதே தீவிரத்தில் குத்தல் குறைவாக இருக்கும். ஆனால் டென்ஸை விட வலி கூடுதலாகக் குறைகிறது என்று அடித்துச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. நான்கு பேட் முறையில் நிறைய பேர் சறுக்குவது இங்கே: ஒரே நிறச் சோடி எதிரெதிர் மூலையில் இருக்க வேண்டும். கழுத்தின் இடது மேல் பேடும் வலது தோள் பேடும் ஒரு சோடி, மற்ற இரண்டும் அடுத்த சோடி. சோடியை இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இணையாக வைத்தால் இரு மின்னோட்டமும் ஒன்றையொன்று வெட்டவே வெட்டாது. வெறும் 4000 ஹெர்ட்ஸ் கூச்சம்தான் மிஞ்சும். உறிஞ்சு கிண்ணம் என்றால் உள்ளே ஸ்பாஞ்ச் நன்றாக நனைந்திருக்க வேண்டும். உறிஞ்சலைக் கூட்டிவைத்தால் வட்டமாக இரத்தம் கட்டும்.

#7 முதுகெலும்பு

அளவு பேசுமுன் யாருக்கு வைக்கவே கூடாது என்பதை அழுத்தமாகப் பதிய வேண்டும். கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டும் தடை. தாடைக்கோணத்துக்குக் கீழே கரோட்டிட் சைனஸ் இருக்கிறது. அங்கே தூண்டினால் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சட்டென்று விழலாம். நடுவில் குரல்வளைத் தசை இறுகலாம். காதுக்குப் பின்னிருந்து தோள்வரை ஒரு கோடு நினைத்துக்கொள்ளுங்கள், பேட் அதற்கு முன்னே வரவே கூடாது.

பேஸ்மேக்கர், ஐ.சி.டி. (இதயத் துடிப்பு தாறுமாறானால் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும், உடலுக்குள் பொருத்திய கருவி) உள்ளவர்கள் இதய மருத்துவரின் அனுமதி இல்லாமல் வைக்கக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்குக் கழுத்தில் தவிர்க்க வேண்டும். அந்தப் பகுதியில் புற்றுநோய், தோல் புண், உணர்வு மரத்த தோல் இருந்தாலும் கூடாது. வண்டி ஓட்டும்போதும், தூங்கும்போதும், குளிக்கும்போதும் கூடாது. ஷார்ட்வேவ் டயத்தர்மி (ரேடியோ அலையால் உள்திசுவைச் சூடாக்கும் சிகிச்சை) ஓடும் கருவிக்குப் பக்கத்தில் டென்ஸோ ஐ.எஃப்.டி.யோ வைத்தால் வெளியீடு தாறுமாறாக ஏறலாம். உடம்பில் பேஸ்மேக்கர், மூளைத் தூண்டி போன்றவற்றின் மின்கம்பி பொருத்தியவருக்கு ஷார்ட்வேவ் அறவே தடை, அந்தக் கருவியை அணைத்து வைத்திருந்தாலும் தடைதான்.

இவற்றைவிட முக்கியமானது, கழுத்து வலியோடு வரும் வேறு அறிகுறிகள். சட்டைப் பொத்தான் போடத் தடுமாறும் விரல்கள், நடையில் தள்ளாட்டம், குனிந்தால் முதுகுவழி மின்னல் போல ஓடுவது, சிறுநீர் மலக் கட்டுப்பாடு மாறுவது: இவை தண்டுவடம் நசுங்குவதைக் காட்டலாம். காய்ச்சல், காரணமில்லா எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்து அடிபட்டது, திடீரென்று இதுவரை காணாத தலைவலியோடு கழுத்து வலி, நெஞ்சு அழுத்தத்தோடு தாடைக்கும் கைக்கும் பரவும் வலி. இதில் ஏதாவது இருந்தால் பேட் ஒட்டி நேரத்தைக் கடத்தாமல் மருத்துவரிடம் போக வேண்டும். டென்ஸ் அந்த வலியையும் கொஞ்சம் தணித்துவிடும், அதுதான் ஆபத்து.

#8 ஆய்வுத்தாள்

இயன்முறை சொன்ன தீவிர வாதத்தில் ஒரு எச்சரிக்கை. "பலன் இல்லையா, நீங்கள் குறைவாக வைத்தீர்கள்" என்று எப்போதும் சொல்லிக்கொண்டே போனால் எந்த ஆய்வாலும் அதைப் பொய்யாக்க முடியாது. எங்கே ஆதாரம் இருக்கிறதோ அங்கே மட்டும் அதைப் பயன்படுத்துவோம். அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய வலியில் 2003-ல் வந்த தொகுப்பாய்வு இருக்கிறது. பலமான தீவிரம் வைத்த ஆய்வுகளில் வலிமருந்துத் தேவை சுமார் 35 சதவீதம் குறைந்தது, மற்றவற்றில் சுமார் 4 சதவீதம்தான். அளவு முக்கியம் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் அது புதிய காயத்தின் வலி. நாள்பட்ட கழுத்து வலிக்கு அதையே அப்படியே தூக்கி வைக்க முடியாது.

மறைப்பும் ஒரு சிக்கல். கரண்ட் வருகிறதா இல்லையா என்பது நோயாளிக்குத் தெரிந்துவிடும். போலிக் கருவியை நம்பவைப்பது கடினம். அதனால் நல்ல முடிவுகளிலும் எதிர்பார்ப்பின் பங்கு கலந்தே இருக்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் சிகிச்சைக்கு வருகிறார்கள் என்பதால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் கொஞ்சம் இறங்கும்.

#9 இயன்முறை

ஒத்துக்கொள்கிறேன். நான் அளவைச் சொல்வது ஆய்வின் முடிவை மறுக்க அல்ல. ஒருவர் முயன்று பார்ப்பதென்றால் நேர்மையாக முயல வேண்டும் என்பதற்காக.

கேள்விக்குறிக்கு விடுபட்டது ஒன்று. தினமும் ஒரே அதிர்வெண், ஒரே தீவிரம் என்று வைத்தால் நாலைந்து நாளில் உடல் பழகிவிடுகிறது. விலங்கு ஆய்வுகளில் குறைந்த, கூடிய அதிர்வெண்களை மாற்றி வைத்தபோதும், தீவிரத்தை நாளுக்கு நாள் கூட்டியபோதும் இந்தப் பழக்கம் தள்ளிப்போனது. கருவியில் மாடுலேஷன் (அளவைத் தானே மாற்றிக்கொண்டிருக்கும் அமைப்பு) இருந்தால் அதில் போடுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் 100 ஹெர்ட்ஸ், அடுத்த நாள் 2 முதல் 4 ஹெர்ட்ஸ், 200 மைக்ரோ செகண்ட் என்று மாற்றலாம். குறைந்த அதிர்வெண்ணில் தசை கண்ணுக்குத் தெரியத் துள்ள வேண்டும். 20 நிமிடம் போதும், அதிகம் போனால் மறுநாள் தசை வலிக்கும்.

பேட் ஒட்டிப் படுத்துக் கிடக்காதீர்கள். ஃபைப்ரோமயால்ஜியா (உடல் முழுக்கப் பரவும் நாள்பட்ட வலி நோய்) உள்ள பெண்களிடம் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், வேலைகளைச் செய்துகொண்டே 4 வாரம் டென்ஸ் வைக்கச் சொன்னார்கள். அசையும்போது வரும் வலி போலியை விடக் குறைந்தது. கழுத்துக்கும் அதே தர்க்கத்தைத்தான் நான் பின்பற்றுகிறேன். வலி அடங்கியிருக்கும் அந்த நேரத்தில் கழுத்துக்கு வேலை கொடுங்கள்.

#10 பயிற்சிமேடை

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது இது. மல்லாந்து படுத்து, கழுத்தின் வளைவுக்கு அடியில் அழுத்தமானிப் பையை 20 மி.மீ. பாதரசம் வரை ஊதி வைக்கவும். "ஆமாம்" என்று தலையாட்டுவது போல மிகச் சிறிதாகத் தாடையை உள்ளிழுத்து 22-க்குக் கொண்டுவந்து 10 வினாடி பிடிக்கவும். 10 முறை சிரமமில்லாமல் வந்தால் அடுத்தது 24. இப்படியே 30 வரை. பை இல்லாதவர்கள் மடித்த துண்டை வைத்து, கழுத்தின் முன்பக்கம் காதிலிருந்து மார்பெலும்புக்கு இறங்கும் தசைகளை இரு விரலால் மெல்லத் தொட்டுக்கொள்ளவும். அவை கயிறுபோல் விறைத்தால் ஆழ்தசைக்குப் பதில் மேல்தசை இழுக்கிறது, அசைவைக் குறைக்க வேண்டும். தலையால் துண்டை அழுத்தித் தள்ளுவதும் தவறுதான். அது பின்கழுத்துத் தசையின் வேலை.

இதோடு தோள்பட்டைத் தசைக்கு எடைப் பயிற்சி: தோளை உயர்த்தி இறக்குவது, ரப்பர் பட்டையைப் பின்னிழுப்பது. வாரம் 3 நாள், தலா 20 நிமிடம். மேல்தோள் தசைக்கு எடைப் பயிற்சி பயன் தருகிறது என்பதற்குக் கரண்டை விடத் தெளிவான ஆதரவு இருக்கிறது. பயிற்சியின்போது வலி 10-க்கு 5-ஐத் தாண்டினாலோ, மறுநாள் காலையிலும் ஏறியே இருந்தாலோ எடையைக் குறைக்கவும். டென்ஸ் வலியை மறைப்பதால் உற்சாகத்தில் எடையை ஏற்றிவிட வாய்ப்பு உண்டு. முதல் வாரம் டென்ஸ் இல்லாமல் தூக்க முடிந்த எடையையே வைத்துக்கொள்ளுங்கள்.

#11 ஓம்விதி

அல்ட்ராசவுண்ட் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை, அதனால் சுருக்கமாக. 1 மெகாஹெர்ட்ஸ் ஆழத்துக்கு, 3 மெகாஹெர்ட்ஸ் மேலோட்டமான திசுவுக்கு. கழுத்து வலியில் இதன் பலனுக்குச் சான்று பலவீனம். கருவி பக்கத்திலும் சிக்கல் உண்டு. திரையில் எண் ஓடும், ஆனால் தோலில் வைக்கும் கருவித்தலையின் உள்ளே ஒலியை உண்டாக்கும் படிகம் செத்திருக்கும். கருவித்தலையை மேல்நோக்கிப் பிடித்து ஒரு சொட்டு நீர் விட்டு இரண்டு மூன்று வினாடி இயக்கினால் நீர் நடுங்கிக் கொதிப்பது போலத் தெறிக்க வேண்டும். அசையாமல் கிடந்தால் ஒன்றும் வரவில்லை. தெறித்தாலும் அளவு சரி என்று அர்த்தமில்லை, அதற்கு ஆண்டுதோறும் ஒலியின் விசையை அளக்கும் தராசில் சரிபார்க்க வேண்டும்.

#12 கேள்விக்குறி

பலன் இருக்கா இல்லையான்னு எத்தனை நாள் பார்க்கணும்? கைக்கு வலி இறங்குறவங்களுக்கும் இதே முறைதானா?

#13 இயன்முறை

இரண்டு வாரம். உட்கார்ந்திருக்கும்போது உள்ள வலியைக் குறிக்காதீர்கள். தலையை இடம், வலம் முழுதாகத் திருப்பும்போது வலி 10-க்கு எத்தனை என்று டென்ஸ் வைக்குமுன் ஒரு முறை, கழற்றி அரை மணி கழித்து ஒரு முறை எழுதுங்கள். குறைந்தது 2 புள்ளி அல்லது 30 சதவீதம் இறங்கினால்தான் அதை வித்தியாசம் என்று கொள்ளலாம். அதோடு வாரம் ஒருமுறை கழுத்துச் செயல்திறன் வினாத்தாளை (Neck Disability Index) நிரப்புங்கள். 10 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5, மொத்தம் 50. வலி எண் இறங்கியும் இந்த மதிப்பெண் நகரவில்லை என்றால், இதம் கிடைக்கிறது, ஆனால் அன்றாட வேலை மாறவில்லை. அப்போது பயிற்சியைத்தான் திருத்த வேண்டும். சரியான அளவில் வைத்தும் இரண்டு வாரத்தில் வலி எண்ணும் அசையவில்லையா, கருவியை ஒதுக்கிவிடலாம். ஐ.எஃப்.டி.க்கு மாறி இன்னொரு பத்து சிட்டிங் தொடங்க எந்தக் காரணமும் இல்லை.

#14 முதுகெலும்பு

கைக்கு இறங்கும் வலிக்கு ஒரு பேட் கழுத்தடியில் அதே பக்கம், மற்றது வலி ஓடும் பாதையில். கட்டைவிரல் பக்கம் ஓடினால் பெரும்பாலும் 6-வது நரம்பு வேர், நடுவிரலுக்கு ஓடினால் 7-வது. மரத்துப்போன தோலின்மேல் ஒட்டக் கூடாது, உணர்வு சரியாக இருக்கும் விளிம்பில் ஒட்டவும். ஒட்டுமுன் குச்சியின் கூர்முனையையும் மழுங்கிய முனையையும் கண்ணை மூடிப் பிரித்தறிய முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்த இடம் வேண்டாம். முழங்கையை நீட்டும் பலம், மணிக்கட்டைத் தூக்கும் பலம் இரண்டையும் மறுகையோடு ஒப்பிட்டு வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். வலி குறைந்துகொண்டே வரும்போது பலமும் குறைந்தால் அது முன்னேற்றம் அல்ல, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.